அண்ணன் ஆமென் சொல்லாத ஜெபம்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்க்க லிஃப்டின் பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன் அவர் செய்கிற காரியங்களுக்கு ஒரு வரிசை இருந்தது. கதவருகே நின்று தொப்பியைக் கழற்றுவார். கண்ணை மூடி, உதடு அசையாமல் ஜெபிப்பார். பிறகு மொட்டை மாடியிலுள்ள மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கீழே வந்து பட்டனை அழுத்திப் பார்ப்பார். லிஃப்ட் அசையாது என்று உறுதியான பிறகு "ஆமென்" என்பார். அது ஜெபத்தின் முடிவா, சோதித்துப் பார்த்ததன் முடிவா என்று கூட இருப்பவர்களுக்குப் புரியாது. கம்பெனியில் அவருக்கு ஆமென் என்றே பேர் விழுந்துவிட்டது.

"ஆமென் எங்கப்பா?"

"ஒன்பதாவது மாடியில. இன்னும் கொஞ்சம் ஏறினா பரலோகம்."

அவரோடு வேலை பார்த்தவருக்குக் கிரீஸ் என்று பட்டப்பேர். அவர் ஒரு நாள் கேட்டாராம்: "ஏன்யா, ஜெபம் பண்ணிட்டல்ல? அப்புறம் எதுக்குப் பூட்டு? உன் ஆண்டவர நம்பலயா?"

"அவர நம்புறேன். உன்னத்தான் நம்பல. நான் கீழ நிக்கிறத மறந்துட்டு ஆன் பண்ணிடுவ."

கிரீஸ் இதை எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணியிடம் புகாராகவே சொன்னார். அண்ணி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். அண்ணன் மட்டும் சிரிக்காமல் சொன்னார். "ஜெபம் முதல்ல. அதுல மாத்தம் இல்ல. ஆனா ஜெபம் பண்ணிட்டு சுவிட்ச அணைக்காம இறங்குறவன், ஆண்டவர சோதிச்சுப் பாக்குறான்."

இந்த வாக்கியத்தை அவர் சபையிலும் பலமுறை சொல்லியிருக்கிறார். அண்ணி இறந்து இது முதல் மழைக்காலம். இப்போதெல்லாம் எனக்கு அந்த வாக்கியம்தான் நினைவுக்கு வருகிறது.

நான் அவருடைய தங்கை. அந்த வீட்டின் பின்னறையில்தான் பல வருடங்களாக இருக்கிறேன். அண்ணனும் அண்ணியும் முன்னறையில். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முன்னறையில் பாதி இடத்தைத் தையல் மெஷினும் துணிக் கட்டுகளும் பிடித்துக்கொண்டிருக்கும். அண்ணி ஜன்னல் திரைகள் தைப்பாள். ஒரு கடை அளவும் துணியும் அனுப்பும். இவள் மடிப்பு வைத்து, கொக்கிப் பட்டி வைத்துத் தைத்துக் கொடுப்பாள்.

காலையில் அந்த வீட்டில் முதலில் திறப்பது ஜன்னல் அல்ல, வேதம். அடுப்பில் தண்ணீர் கொதித்தாலும் கொதிக்கட்டும். அண்ணன் வேதத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் வாசிப்பார். முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நமக்குப் பிடித்த பகுதியைத் தேடி எடுத்து வாசிப்பது, பேசுகிறவரை நிறுத்தி "அந்த நல்ல விஷயத்த மட்டும் சொல்லுங்க" என்பது மாதிரி என்பார். அதனால் கஷ்டமான நாளில் ஆறுதலான வசனம் வரும் என்ற உத்தரவாதம் எங்கள் வீட்டில் கிடையாது. பல்வலி வந்த நாளில் எங்களுக்குப் பலிகளின் சட்டம் வந்திருக்கிறது.

வனாந்தரத்தில் ஆண்டவருக்காகப் போட்ட கூடாரத்தின் அளவுகள் வரும் பகுதி ஒன்று உண்டு. திரைகள் இத்தனை முழ நீளம், இத்தனை முழ அகலம், இத்தனை வளையங்கள், இத்தனை கொக்கிகள் என்று பக்கம் பக்கமாகப் போகும். கேட்பவர்கள் தூங்கிவிடுகிற இடம். அண்ணி மட்டும் நிமிர்ந்து உட்காருவாள். "பாருங்க, ஆண்டவரே எவ்வளவு தெளிவா அளவு கொடுக்கிறாரு. நம்ம கஸ்டமர் 'கொஞ்சம் பெரிய ஜன்னல்'னு எழுதி அனுப்புறாங்க." ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது இதையே சொல்வாள். ஒவ்வொரு சுற்றிலும் அண்ணன் வாசிப்பை நிறுத்தி, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். பக்கத்துக்கு அடையாளமாக அவர் வைத்திருந்ததும் அவள் வெட்டிக் கொடுத்த திரைத்துணி நாடாதான்.

சபை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பேக்கரியின் மேல்மாடியில் ஒரு கூடம். மடக்கு நாற்காலிகள், நான்கு மின்விசிறிகள், மூலையில் ஒரு பழைய மேசை. கீழே அடுப்பு எரிவதால் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர் காலத்தில் அது ஆசீர்வாதம். வெயில் காலத்தில் நரகத்தைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை என்பார் அண்ணன். அவர் சம்பளம் வாங்குகிற போதகர் இல்லை. முன்பிருந்தவர் ஊரை விட்டுப் போனபோது, மற்றவர்கள் இவர் முகத்தைப் பார்த்தார்கள், இவர் தரையைப் பார்த்தார், அப்படித் தலைவரானார்.

தலைமை ஏற்றதும் அவர் இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்தார். சபையில் எதை முடிவு செய்வதானாலும், நாற்காலி வாங்குவதானாலும்கூட, முதலில் அன்றைய வேதபகுதி, பிறகு ஜெபம், பிறகு சற்று மௌனம், அதற்கப்புறம்தான் பேச்சு. இதற்குச் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் சண்டைகள் நின்றன. ஜெபித்து எழுந்தவனால் உடனே குரலை உயர்த்த முடியவில்லை.

இரண்டாவது பழக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை போன ஒருவர் எழுந்து நின்று அழுததால் வந்தது. அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லி அவரை உட்காரவைத்துவிட்டார்கள். அண்ணனுக்குக் கோபம். "ஒருத்தர் அழுதா போதும், பாதிப் பேரு வக்கீலு, பாதிப் பேரு டாக்டரு! இனிமே யாருக்காவது பேச்சு அடைச்சா, நீங்க யாரும் அவர்கிட்ட வாயத் திறக்கக்கூடாது. ஆண்டவர்கிட்ட மட்டும் திறங்க." அன்றிலிருந்து யாராவது பேசும்போது தொண்டை அடைத்தால், கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கும். அது நல்ல பழக்கம்தான். பலரை அது தாங்கியது.

பேக்கரிக்காரம்மாதான் அந்தக் கூடத்தை எங்களுக்குக் கொடுத்தவள். முதலில் கூடத்துக்கு வாடகைக்காரர்களாக எங்களைப் பார்த்தாள். பிறகு படியில் நின்று பாட்டு கேட்டாள். பிறகு முன் வரிசைக்கு வந்துவிட்டாள். பெரிய குரல், பெரிய கை, முன்கைவரை மாவு. அவள் கணவர் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அண்ணியை அவள் "அக்கா, அக்கா" என்று சுற்றிச் சுற்றி வருவாள். அண்ணிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது, எங்கள் வீட்டுக்கு ரொட்டி வாங்கவே விடவில்லை. தினமும் அவளே வந்து வைத்துவிட்டுப் போவாள்.

அண்ணிக்கு அறுவை நடந்தது. பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியபோது மிச்சத் திரைத்துணியில் தலைக்குக் கட்டத் துண்டு தைத்துக்கொண்டாள். "ஜன்னல் மாதிரி இருக்கேனா?" என்று என்னைக் கேட்டாள். எல்லாம் முடிந்து ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இப்போதைக்கு எதுவும் தெரியல. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாட்சி சொல்ல எழுந்தார். மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது "பாத்து, அளந்து சொல்லுங்க" என்கிற மனிதர். மாதக்கணக்கில் இரவெல்லாம் விழித்திருந்தவர். அன்று அவருக்குள் என்னவோ உடைந்து கொட்டியது. "மருந்தால இல்ல, டாக்டரால இல்ல, என் தேவன் அவளுக்குப் பூரண சுகம் கொடுத்தார்!" கூடம் எழுந்து நின்றது. மேலே குதித்த குதிப்பில் கீழே பேக்கரித் தட்டுகள் ஆடினவாம். அந்த வார்த்தைகள் அவருடையவை அல்ல. சாட்சி சொல்கிறவர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். அவர் வாயிலும் அவை தயாராக இருந்திருக்கின்றன.

வீடு திரும்பும் வழியில் அண்ணி சொன்னாள். "அந்த டாக்டரம்மா பாவம். அன்னைக்கு சாப்பிடாம நின்னாங்க. அவங்களையும் ஒரு வார்த்த சேத்திருக்கலாம்."

"பேசும்போது வாயில வந்துடுச்சு."

"பூரணம்னு அவங்க சொல்லலையேங்க."

"விசுவாசத்துல சொன்னேன்."

"சரி," என்றாள் அண்ணி. சற்றுத் தூரம் நடந்த பிறகு, "வாயில வந்தத திரும்ப உள்ள போட முடியாது, அதான்," என்றாள். சண்டையில்லை. துணியை வெட்டுவதற்கு முன் இரண்டு முறை அளக்கிறவள் அவள்.

சில வாரங்கள் கழித்துப் பேக்கரிக்காரம்மா ரொட்டியோடு வந்து, தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கட்டி. அதே இடம். டாக்டர் உடனே எடுக்கச் சொல்லிவிட்டார். இதை ஏதோ நல்ல செய்திபோல் சொன்னாள்.

"எப்போ ஆபரேஷன்?" என்றார் அண்ணன்.

"எதுக்கு ஆபரேஷன்? அக்காவுக்கு யார் செஞ்சாரோ அவரே எனக்கும் செய்வாரு."

"அப்படி இல்லம்மா. ஜெபம் பண்ணுவோம். பண்ணிட்டு டாக்டர் சொல்றபடி…"

"பிரதர், மருந்தால இல்ல, டாக்டரால இல்ல. நீங்க சொன்னதுதானே? நான் எழுதியே வச்சிருக்கேன்."

அண்ணன் சுவிட்ச் கதையைச் சொன்னார். அவள் ரசித்துக் கேட்டாள். "அதெல்லாம் லிஃப்டுக்கு, பிரதர்," என்று சிரித்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அண்ணன் பலமுறை பேசிப் பார்த்தார். அவர் எவ்வளவு பேசினாலும், அவருடைய அந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி அவரை எதிர்த்து நின்றது.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில், அண்ணியின் நுரையீரலில் நிழல்கள் இருந்தன. கழுத்து எலும்புக்கு மேலே ஒரு கட்டியும் தட்டுப்பட்டது. மறுபடி மருந்து ஏற்றலாம், ஆனால் அது தள்ளிப்போட மட்டுமே என்றார் டாக்டரம்மா. பேருந்தில் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். யாரும் அழவில்லை. இறங்கும் இடம் வந்தபோது அண்ணி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை எழுந்து சொல்லிடுங்க. எனக்காக இல்ல. கீழ பேக்கரியில இருக்கிறவளுக்காக."

அண்ணன் தலையசைத்தார். அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சபையின் தலைவன் எழுந்து, நான் சொன்ன சாட்சி தவறு என்று சொல்ல வேண்டும். அது அவருக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்டேன். "வெக்கம் போகட்டும். நான் சொன்னத வச்சு அந்தம்மா பள்ளத்துல இறங்கி நிக்கிறாங்க," என்றார்.

ஞாயிறு வந்தது. வரிசைப்படி அன்றைய வேதபகுதி வம்ச அட்டவணை. இன்னார் இன்னாரைப் பெற்றான், இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று வாயில் நுழையாத பேர்களாகவே நீண்டுகொண்டு போனது. வேறு யாராக இருந்தாலும் அன்று வேறு பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். அண்ணன் ஒரு பேரையும் விடாமல் வாசித்தார். வேதத்தை மூடினார். "போன தடவை நான் இங்க நின்னு சொன்ன சாட்சி…" என்று தொடங்கினார்.

அவ்வளவுதான். தொண்டை அடைத்தது.

யாரோ பின்னாலிருந்து "இயேசுவே" என்றார்கள். அடுத்த கணம் கூடம் முழுவதும் ஜெபம் எழுந்தது. அவர் பழக்கிய பழக்கம். நிறுத்துங்கள் என்று சொல்ல அவர் கையை உயர்த்தினார். அந்தக் கூடத்தில் உயர்த்திய கைக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. எல்லோரும் தங்கள் கைகளையும் உயர்த்திக்கொண்டு இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். அவர் காத்திருந்தார். சத்தம் அடங்கியதும், "அவளுக்கு மறுபடியும்…" என்றார், குரல் உடைந்தது, மறுபடி அலை எழுந்தது. மூன்றாம் முறை அவர் நிற்கவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளேயே கத்தினார். "வியாதி திரும்ப வந்துடுச்சு! நான் சொன்னது தப்பு!"

முன் வரிசைக்கு மட்டும் அது கேட்டது. பேக்கரிக்காரம்மா எழுந்து, "இல்ல! அத நான் இயேசுவின் நாமத்துல மறுக்கிறேன்!" என்று குரல் கொடுத்தாள்.

"ஆமென்!" என்றது கூடம்.

அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அண்ணி பக்கத்தில் நான் இருந்தேன். அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ஒருவர் பின் ஒருவராக வந்து அண்ணனின் கையைக் குலுக்கினார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரதர், இன்னைக்கு மாதிரி ஒரு அபிஷேகம் நம்ம சபையில இறங்கினதே இல்ல," என்றார்.

மறுவாரம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, "இது சோதனை, பிரதர். தளரக்கூடாது," என்று அவரைத் தேற்றி அனுப்பினார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"நான் பேக்கரிக்குப் போய்ப் பாக்கறேன்," என்றாள் அண்ணி.

நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மத்தியானம், பேக்கரியில் கூட்டமில்லாத நேரம். பேக்கரிக்காரம்மா மேசை மீது மாவைப் போட்டு மடக்கி மடக்கி அழுத்திக்கொண்டிருந்தாள். கணவர் அடுப்பருகே முதுகைக் காட்டி நின்றார்.

"கையக் கொடு," என்றாள் அண்ணி. அந்தக் கையை எடுத்துத் தன் கழுத்தெலும்பின் மேல் வைத்தாள். "இங்க. தெரியுதா?"

பேக்கரிக்காரம்மாவின் விரல்கள் நின்றன. பிறகு சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அண்ணியின் கழுத்தில் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"கரஞ்சிடும் அக்கா."

"கரையாதுடி. எனக்கு எடுத்த பிறகும் வந்துடுச்சு. உனக்கு இன்னும் எடுக்கவே இல்ல. சின்னதா இருக்கும்போதே போயிடு."

"நீங்க களைச்சுப் போயிட்டீங்க. பரவால்ல அக்கா. உங்களுக்கும் சேத்து நான் விசுவாசிக்கிறேன்."

"எனக்கு விசுவாசம் இருக்கு. நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

மாவு அப்படியே கிடந்தது. அவள் முதுகை நிமிர்த்தாமல், யாரையும் பார்க்காமல் சொன்னாள். "எங்கம்மா ஆபரேஷனுக்குப் போனாங்க. சிரிச்சுக்கிட்டே போனாங்க, அக்கா. கதவ மூடினாங்க. அந்தக் கதவு வழியா திரும்பி வரல."

அண்ணி தன் கழுத்தில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டாள். "நான் வந்தேனே," என்றாள் பிறகு.

"நீங்க ஜெபத்தால வந்தீங்க. பிரதரே சொன்னாரே!"

கணவர் திரும்பினார். அடுப்புச் சூட்டில் சிவந்த முகம். "போயேன். சொல்றாங்கல்ல," என்றார். ஒரே ஒரு முறை. அவள் மறுபடி மாவை அழுத்தத் தொடங்கிவிட்டாள்.

வெளியே வந்ததும் அண்ணி சிரித்தாள். "நான் செத்தாதான் நம்புவா போல, இந்த மாவுமூட்டை." நானும் சிரித்தேன். தெருமுனை வருவதற்குள் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எதையோ கணக்குப் போடுகிறவள்போல நடந்தாள்.

சாயங்கால ஜெபத்தில் எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக ஜெபிப்போம். முடிவில் அண்ணன் முதலில் ஆமென் சொல்வார், பிறகு மற்றவர்கள். யாருடைய ஜெபத்துக்கும் அவர் ஆமென் சொல்லாமல் இருந்ததில்லை. ஒருமுறை சபையில் ஒரு அம்மா தன் வீட்டுக்காரரின் குறட்டை நிற்க வேண்டும் என்று உருகி ஜெபித்தபோதுகூட, முழு மனதோடு சொன்னார்.

அன்று அண்ணியின் முறை வந்தது. கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் ஜெபித்தாள்.

"ஆண்டவரே, எப்படியும் என்னைக் கூட்டிட்டுப் போகப் போறீங்கன்னா, கொஞ்சம் சீக்கிரமா கூட்டிட்டுப் போயிடுங்க. கீழ இருக்கிறவளுக்கு இன்னும் நேரம் இருக்கு. நாங்க சொல்லிப் பாத்துட்டோம். எங்களால முடியல."

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. நான் கண்ணைத் திறக்கவில்லை. ஆமென் வரவில்லை.

"என்னங்க, முடிச்சிட்டேன்," என்றாள் அண்ணி.

"தெரியுது."

"அப்ப சொல்லுங்க."

"என்னால ஆகாதும்மா."

"எல்லாத்துக்கும் சொல்வீங்களே."

"இதுக்கு எப்படிச் சொல்லுவேன்?"

அண்ணி அவருடைய சட்டைப் பையைத் தொட்டாள், பூட்டின் சாவி எப்போதும் இருக்கிற இடத்தை. "அவ பள்ளத்துக்குள்ள இறங்கிட்டாங்க. யாராவது சுவிட்ச அணைக்கணும்ல?"

அண்ணன் எழுந்து போகவில்லை. அங்கேயே, அவள் காலடியில், தலையைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தார். ஆமென் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவள் அதையே கேட்டாள். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் மௌனமாக இருந்தார். அவர் சொல்லாததால் நானும் சொல்லவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை, தானே மெல்ல "ஆமென்" என்று முடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். அண்ணன் விடியற்காலையில் தனியாக முழங்காலில் நின்று என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலும் இல்லை. ஒரே வீட்டிலிருந்து ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு ஜெபங்கள் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

டாக்டரம்மா சொன்ன காலத்துக்கு வெகு முன்னாலேயே அண்ணி போய்விட்டாள். அதற்கு நான் எந்தப் பேரும் வைக்கவில்லை. அண்ணனும் வைக்கவில்லை. தைத்து முடிக்காத ஒரு திரை ஊசியின் கீழேயே இருந்தது.

அடக்கத்துக்குச் சபை முழுவதும் வந்தது. அபிஷேகம் இறங்கியது என்று சொன்ன அதே பெரியவர் அண்ணனின் தோளில் கை வைத்து, "உங்க சாட்சி பொய்யாகல, பிரதர். இப்பதான் அவங்களுக்குப் பூரண சுகம்," என்றார். அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தொண்டை அடைத்தது. சுற்றியிருந்தவர்கள் உடனே ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

பேக்கரிக்காரம்மா அந்தக் கூட்டத்தில் இல்லை. அன்று அடுப்பு எரியவில்லை என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு, நாங்கள் வீட்டில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது வந்தாள். கையில் ரொட்டி இல்லை. முன்கையில் மாவு இல்லை. அப்படி அவளைப் பார்த்ததே கிடையாது. தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது எந்த டாக்டரம்மா, பிரதர்?" என்றாள்.

அண்ணன் பேர் சொன்னார்.

"நீங்களும் கூட வரணும்."

"வரேன்."

டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, "இவ்வளவு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்த?" என்று கேட்டார். அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சொன்னார். "என் பேச்சக் கேட்டு இருந்தாங்க." டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே எடுத்துவிட வேண்டும், எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

அறுவை நாளன்று நானும் போயிருந்தேன். நீளமான நடைபாதை, சுவரோடு இருக்கைகள், முடிவில் அந்தக் கதவு, கதவுக்கு மேல் ஒரு விளக்கு. சக்கரக் கட்டிலில் படுத்திருந்தபடியே அவள் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மாவ அப்படியே வச்சிட்டு வந்திருக்க. பொங்கி வழிஞ்சு கீழெல்லாம் ஓடப் போகுது. போய்த் தொலையேன், இங்க நின்னு என்ன பண்ணப் போற?" அவர் போகவில்லை.

கதவருகே வந்ததும் அவள் பேச்சு நின்றது. அண்ணனின் சட்டையைப் பிடித்தாள். "ஜெபம் பண்ணுங்க பிரதர். சுகமாயிடும்னு மட்டும் சொல்லாதீங்க. சும்மா ஜெபம் பண்ணுங்க."

அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நாங்கள் காத்திருந்தோம். நர்ஸ் காத்திருந்தாள். நாற்காலி வாங்குவதற்கும் ஜெபம் முதலில் என்றவர், ஒரு வார்த்தையும் வராமல் நின்றார். உதடுகள் திறந்தன, மூடின. இந்த முறை சுற்றிலும் யாரும் சத்தமாக ஜெபித்து அவரை மூடிவிடவில்லை. அந்த மௌனத்தை அவள் முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளே "ஆமென்" என்றாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. விளக்கு எரிந்தது.

இருக்கையில் அண்ணன் நடுவில், நான் ஒரு பக்கம், அவள் கணவரான அடுப்புக்காரர் ஒரு பக்கம். செய்வதற்கு எதுவும் இல்லாததால், காலையில் வாசிக்காமல் வந்த பகுதியை அண்ணன் இப்போது எடுத்தார். திரைத்துணி நாடாவை விலக்கினார். சற்று நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமா வாசிங்க," என்றார் அடுப்புக்காரர்.

அண்ணன் வாசித்தார். கூடாரத்தின் திரைகள். இத்தனை முழ நீளம். இத்தனை முழ அகலம். எல்லாத் திரைகளுக்கும் ஒரே அளவு. அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். வழக்கமாக நிறுத்துகிற இடம். யாரோ பேசி முடிப்பதற்காகக் காத்திருக்கிறவர்போலத் தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நடைபாதையில் தள்ளுவண்டி ஒன்று கடந்து போனது.

"அப்புறம்?" என்றார் அடுப்புக்காரர், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் விரலை வரியில் வைத்தார். வளையங்கள் இத்தனை, கொக்கிகள் இத்தனை என்று மேலே வாசித்துக்கொண்டு போனார். கதவுக்கு மேல் விளக்கு அணையவில்லை.